நூல் நிற்கும் இடம்

கடந்த மார்கழியில் என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்: "ஐஇ 900இல் தம்புரா கீறுகிறது, யு12டியில் இழைகிறது." பதினைந்து இரவுகள் மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு எழுதிய வரி அது. இரண்டும் காதுக்குள் செருகும் இயர்போன்கள். சென்ஹைசர் ஐஇ 900 என்னுடையது. 64 ஆடியோ யு12டி, நண்பர் ஒருவர் ஒரு மாதத்துக்கு இரவலாகக் கொடுத்தது. முன்னது அலுமினியத்தைக் குடைந்து செய்த கூட்டுக்குள் ஒலி எழுப்பும் பொறியாக 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறது. பின்னது காதுக்குப் பன்னிரண்டு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்களை, அதாவது வேறு வகைச் சிறு டிரைவர்களை, அடுக்கி வைத்திருக்கிறது. வெளிவந்தபோது ஒன்றின் விலை 1,299 டாலர், மற்றதன் விலை 1,999 டாலர். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஒரு தீர்ப்பைச் சொல்கிறோம் என்ற பொறுப்புணர்ச்சியோடுதான் எழுதினேன். வாங்கும் யோசனையில் இருந்த இன்னொரு நண்பர் தொலைபேசியில் கேட்டபோது அதே வரியைச் சொன்னேன். அவர் என் காதை நம்புகிறவர். ஐஇ 900 வாங்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டார்.

அந்த வரி தவறு என்று இப்போது சொல்ல வந்திருக்கிறேன். அதை எழுதிய இரவுகளில் நான் கேட்டது உண்மை. ஆனால் கேட்டது எதனுடைய குரல் என்பதில்தான் பிழை செய்தேன். சவுண்ட் சிக்னேச்சர் என்கிறோம், ஒலிச்சாயல் என்கிறோம். எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், அந்தச் சாயல் கருவிக்குள் இருக்கிறது, பெட்டியைத் திறந்தால் அதுவும் கூடவே வெளியே வரும், யார் காதில் வைத்தாலும் அதே முகத்தைக் காட்டும் என்ற நினைப்பு அடியில் இருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஸ்பீக்கருக்கு அறை உண்டு, ஆகவே அறையைக் குறை சொல்லலாம். காதுக்குள் செருகும் கருவிக்கு அறையே இல்லை, அது சொல்வதே இறுதிச் சொல் என்று ஒரு காலத்தில் வாதாடியதும் உண்டு. ஐஇஎம் என்று சுருக்கி அழைக்கும் இந்த வகை இயர்போனுக்கும் அறை உண்டு. இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஆளுக்கு ஆள் வளைவு மாறும், தோலால் ஆன ஓர் அறை.

அத்தையின் கேள்வி

என் அத்தை ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். வயது அறுபத்தெட்டு. அவர் வீட்டுத் தம்புராவை நானே சில ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்திருக்கிறேன்: கூடத்தில் பாயை விரித்து, கையடக்க ரிக்கார்டரைக் குடத்திலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்த இருபது நிமிடம். எந்த இயர்போன் கைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பதிவைத்தான் போடுவேன். கடையில் வாங்கும் இசைத்தட்டில் மைக் எங்கே இருந்தது, ஒலிப்பொறியாளர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே இயர்போனைக் கேட்கிறோமா பதிவைக் கேட்கிறோமா என்பதே குழப்பமாகிவிடும். இந்தப் பதிவில் அந்தக் குழப்பம் இல்லை. மூலம் எப்படி ஒலிக்கும் என்பதை நான் அருகில் உட்கார்ந்து ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மூன்று இயர்போன்களையும் கொண்டு போனேன். மூன்றாவது என்னுடைய பழைய எடிமோட்டிக் இஆர்4எஸ்ஆர். பதிவையும் தம்புராவையும் ஒரே கூடத்தில் வைத்து ஒப்பிடலாம் என்பதுதான் திட்டம். அத்தைக்கும் ஆர்வம் வந்தது. ஐஇ 900ஐ வாங்கிக் காதில் வைத்தார், கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஜீவா நல்லா நிக்குதுடா. காந்தாரம் தனியா வந்து நிக்குது பாரு" என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. எந்தக் கருவியில் தம்புரா கீறுகிறது என்று எழுதி வைத்தேனோ, அதே கருவியில், தன் தம்புராவையே கேட்டு, நூலை நகர்த்தி அதற்கு ஜீவா என்னும் ரீங்காரத்தைப் பிடித்துக் கொடுக்கும் கை உள்ளவர் இப்படிச் சொல்கிறார்.

எனக்கு முதலில் தோன்றிய விளக்கம் வயது. வயது ஏற ஏற 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகள்தான் முதலில் மங்கும். எனக்குக் கீறலாகக் கேட்பது அவருக்குக் கேட்கவே இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் அப்போதே உணர்ந்தேன். அந்த விளக்கத்தின்படி அவர் காதில்தான் குறை, என் வரி பத்திரமாக இருந்தது.

அடுத்து அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் மாறியது. காதில் வைத்ததும் ஒலி மெலிந்து கேட்டதால் அவர் இயர்போனைத் திருகித் திருகி உள்ளே தள்ளியிருந்தார். நான் வைக்கும் இடத்தைவிட நன்றாகவே உள்ளே போயிருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து, "இது எவ்வளவு தூரம் உள்ள போகணும்?" என்று கேட்டார்.

"உறுத்தாத வரைக்கும் போதும், அத்தை."

"உறுத்தாம இருந்தாப் போதும்னு நூலை வெப்போமாடா?"

சொல்லிவிட்டுத் தம்புராவை மடியில் சாய்த்தார். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்பரப்பு தட்டையானது அல்ல, மிக மெல்லிய வளைவு உடையது. தந்திக்கும் அந்த வளைவுக்கும் நடுவில் ஒரு பருத்தி நூல். அத்தை மந்தரத் தந்தியின் நூலை விரல் நுனியால் பின்னுக்கு இழுத்தார். மீட்டினார். தந்தி ஒலித்தது, அவ்வளவுதான். மரப்பலகையைத் தட்டினாற்போல ஓர் ஒலி எழுந்து அடங்கியது. நூலை முன்னுக்கு நகர்த்தினார். நகர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, விரலின் அசைவுதான் தெரிந்தது. மீண்டும் மீட்டினார். ரீங்காரம் கொஞ்சம் எழுந்தது, ஆனால் இரைச்சலாக, தகரத்தில் மணல் உரசுவதுபோல. இன்னும் மயிரிழை நகர்த்தினார். அப்போதுதான் தந்தி திறந்துகொண்டது. ஒலி எழுந்த பிறகும் வளர்ந்துகொண்டே போய், உச்சியில் அந்தர காந்தாரம் யாரும் தொடாமலே வந்து நின்றது. அதே தந்தி, அதே குடம், அதே விரல். மூன்று முறையும் மூன்று தம்புரா.

நூல் தவறான இடத்தில் நின்றபோது எழுந்த அந்த மணல் உரசல்தான் நான் குறிப்பேட்டில் கீறல் என்று எழுதியது. கிட்டத்தட்ட அதே ஒலி. நான் எதுவும் சொல்லவில்லை. ஐஇ 900ஐ வாங்கி, என் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, உறுத்தல் தொடங்கும் இடத்தையும் தாண்டி உள்ளே செலுத்தினேன். பதிவைப் போட்டேன். கீறல் போய்விட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் தந்திகளின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அது விலகி, உயரே காற்றில் ஒரு மினுமினுப்பாக நின்றது. அடியில் மந்தரத்துக்குக் கனமும் கூடியிருந்தது.

மூன்று மில்லிமீட்டர்

வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியைத் திறந்து, ஒலியளவை நன்றாகக் குறைத்து, 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக் கேட்டேன். எல்லாச் சுருதியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டுக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் ஒலி சட்டென்று குத்தும். வழக்கமாக நான் வைக்கும் ஆழத்தில் அந்த இடம் 7.5 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அத்தை வைத்த ஆழத்துக்குத் தள்ளியபோது அது 8.7 வரை ஏறிப் போயிற்று, குத்தலும் தணிந்தது.

காரணம் எளியது. திறந்த காதின் குழாய் ஒரு பக்கம் மூடிய குழாய். புல்லாங்குழலின் அடியை அடைத்தால் எப்படியோ அப்படி, அதன் நீளம் நான்கில் ஒரு பங்கு அலைக்குச் சமமாகும் இடத்தில், அதாவது 3 கிலோஹெர்ட்ஸ் அருகில், அது இயல்பாகவே 10 டெசிபெலுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கிறது. வாழ்நாள் முழுவதும் உலகத்தை அந்த உயர்த்தலோடுதான் கேட்கிறோம். இயர்போனைச் செருகியதும் குழாயின் இரு பக்கமும் அடைபட்டுவிடும். பழைய ஒத்ததிர்வு போய்விடுகிறது. அதனால்தான் நல்ல ஐஇஎம் எதுவாயினும் 3 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஒரு மேட்டைத் தானே உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. போன ஒத்ததிர்வுக்குப் பதிலாகப் புதியதோர் ஒத்ததிர்வு பிறக்கிறது. இயர்போனின் முனையில் மாட்டிக் காதை அடைக்கும் டிப்பின் நுனிக்கும் செவிப்பறைக்கும் நடுவில் மிஞ்சும் நீளம் பாதி அலைக்குச் சமமாகும் இடம் அது. 23 மில்லிமீட்டர் மிஞ்சினால் ஏறத்தாழ 7.5, 20 மில்லிமீட்டர் மிஞ்சினால் 8.7. என் கீறலுக்கும் அத்தையின் காந்தாரத்துக்கும் இடையே இருந்தது மூன்று மில்லிமீட்டர்.

ஐஇ 900க்கு அந்தப் பகுதியில் சொந்தமாகவே ஓர் எழுச்சி உண்டு, அதை மறுக்கவில்லை. நான் ஆழம் குறைவாக வைத்ததால் காதின் ஒத்ததிர்வும் கருவியின் எழுச்சியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன என்பது என் கணிப்பு. போதாக்குறைக்கு, டிப் முழுதாக அடைக்காமல் சிறு கசிவு இருந்திருக்கிறது. கசிவு இருந்தால் முதலில் ஓடிப்போவது கீழ் ஒலிகள். கீழே தரை தாழ்ந்தால் மேலே உள்ளது இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். இவற்றையெல்லாம் கூட்டி ஒரே சொல்லில் கருவியின் தலையில் எழுதிவிட்டேன்.

இயர்போனின் ஒலியை அளந்து வரைந்த வரைபடத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். பார்த்தேன். இணையத்தில் நாம் பார்க்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை, காதுக்குப் பதிலாக இயர்போனைச் செருகி அளக்கும் 711 வகைக் கப்ளரில் எடுத்தவை. 1981இல் வெளிவந்த தரநிலையின் எண் அது. இப்போது அதன் எண் மாறிவிட்டாலும் பழைய பெயரே புழங்குகிறது. அதுவும் ஓர் உலோகக் காதுக்குழாய்தான், அதற்கும் அதே பாதி அலை ஒத்ததிர்வு உண்டு. ஒப்பிட வசதியாக, அளப்பவர்கள் அந்த மேடு 8 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கும்படி இயர்போனைச் செருகும் ஆழத்தைச் சரிசெய்துகொள்வது வழக்கம். ஆக, ஒரு வரைபடத்தில் 8 கிலோஹெர்ட்ஸில் தெரியும் கொம்பில் கருவியின் பங்கு எவ்வளவு, குழாயின் பங்கு எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது. நான் அந்தக் கொம்பைப் பார்த்து, "பார், கீறலுக்குச் சாட்சி" என்று எண்ணிக்கொண்டேன்.

இதையெல்லாம் யோசித்தபோது இஆர்4எஸ்ஆர் எனக்கு ஏன் ஒருநாளும் இந்தத் தொல்லையைத் தந்ததில்லை என்பதும் விளங்கியது. அது 1991இல் வந்த இஆர்4 வழியில் பிறந்தது. செவித்துணைக் கருவித் துறையிலிருந்து வந்த மீட் கில்லியன் தொடங்கிய நிறுவனத்தின் கருவி. மூன்று அடுக்கு டிப்பைக் காதின் இரண்டாம் வளைவு வரை செலுத்தினால்தான் அது சரியாகப் பேசும். அவ்வளவு ஆழத்தில் மிஞ்சும் குழாய் குறுகிவிடுவதால் அந்த ஒத்ததிர்வு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. பலர் அதைக் காதில் வைக்கவே அஞ்சுகிறார்கள். ஆனால் நூல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தன் வடிவத்திலேயே அது சொல்லிவிடுகிறது. மற்ற இரண்டும் அதை நம்மிடம் விட்டுவிடுகின்றன.

மிஞ்சியது

அப்படியானால் ஒலிச்சாயல் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளத்தான் அடுத்த இரண்டு வாரம் செலவாயிற்று. யு12டியின் சொந்தக்காரரிடம் ஒரு கப்ளர் இருக்கிறது. அதைக்கொண்டு 1 கிலோஹெர்ட்ஸில் மூன்றின் ஒலியளவையும் சமப்படுத்தினோம். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நான் இனி மதிக்கப்போவதில்லை. ஒரு டெசிபெல் கூடினாலே நம் காது அதை ஒலியளவாகக் கணக்கிடாமல் தெளிவாகவும் விரிவாகவும் எடுத்துக்கொள்கிறது. ஒலியளவு ஏறும்போது கீழ் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக ஏறிக் கேட்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். இஆர்4எஸ்ஆரோடு ஒப்பிட்டால் யு12டி சிறு மின்னழுத்தத்துக்கே உரக்கப் பேசுவது. ஒரே வால்யூமில் இரண்டையும் மாற்றிக் கேட்டால் யு12டி எப்போதும் ஜெயிக்கும். பிறகு டிப்களை மாற்றி மாற்றி, ஐஇ 900உம் யு12டியும் என் காதில் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நிற்கும்படி செய்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் கலையாமல் மிஞ்சிய வேறுபாடுகள் எல்லாம் 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தன. எனக்கு அது பெரிய செய்தி. அதற்கு மேலே உள்ளது என் காதும் கருவியும் சேர்ந்து செய்வது. கீழே உள்ளதுதான் கருவி தன்னோடு கொண்டு வருவது. காந்தாரமும் கீழேதான் இருக்கிறது. அத்தையின் சுருதி ஐந்து கட்டை. மந்தரத் தந்தி 98 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் ஒத்திசை 490 ஹெர்ட்ஸ், அதுதான் அந்தர காந்தாரம். நான் கீறலைத் தேடிய 7.5 கிலோஹெர்ட்ஸ் அதே தந்தியின் எழுபதாம் ஒத்திசையையும் தாண்டிய இடம். அத்தை காந்தாரத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார், நான் தூசியைக் கேட்டுச் சொன்னேன். அவர் காதின் வயதை அன்று காரணம் காட்டியது எவ்வளவு பெரிய தவறு என்பது இந்த எண்களை எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 490 ஹெர்ட்ஸுக்கு அறுபத்தெட்டு வயது ஒரு தடை அல்ல.

அந்தக் காந்தாரத்தை இஆர்4எஸ்ஆர் வெட்டவெளியில் நிறுத்துகிறது. கீழே எதையும் கூட்டிக் காட்டாததால் பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கும் நான்கு கோடுகளாகப் பிரிந்து கேட்கின்றன. ஆனால் மிருதங்கப் பதிவுக்கு மாறினால் அதன் இடப்பக்கமான தொப்பியில் வயிறு இல்லை. தொப்பியை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி சறுக்குவது துல்லியமாகத் தெரிகிறது, அது தள்ளும் காற்று தெரியவில்லை. கச்சேரியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நெஞ்சில் வாங்கிய ஒன்றை இது படமாக வரைந்து காட்டுகிறது.

யு12டியில் தொப்பி உருண்டையாக வருகிறது. அதில் கழற்றி மாற்றக்கூடிய சிறு துண்டுகளில் எம்20 மாட்யூலைக் கழற்றி எம்15ஐப் போட்டால் அந்த உருண்டை கொஞ்சம் இளைக்கும், பாட்டுக்காரர் அரை அடி முன்னே வருவார். எனக்கு எம்15தான் பிடித்தது. 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை யு12டி அடக்கி வைத்திருப்பதால் வயலினில் வில் உரசும் ஒலி பஞ்சு சுற்றிய கையால் தொட்டதுபோல மென்மையாகிவிடுகிறது. மூன்று மணி நேரம் கேட்டாலும் களைப்பு இல்லை. நான் முன்பு இழைகிறது என்று எழுதியதற்குப் பொருள் இதுதான், அந்தப் பாதி வரியை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: காந்தாரம் மற்ற ஒலிகளின் தடிமனுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் தேடி எடுக்கலாம், தானாக வந்து நிற்காது.

சரியான ஆழத்தில் வைத்த ஐஇ 900ஐ நான் அதற்கு முன் கேட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஈராண்டாக என்னிடம் இருந்தும் கேட்டதில்லை. தொப்பி மூன்றிலும் இதில்தான் பெரியது, உண்மையைவிடக் கொஞ்சம் பெரியது. குரலின் மேல்பகுதி சற்றுப் பின்வாங்கி நிற்கிறது. ஆனால் ஒரு தந்தியை மீட்டியபின் ஒலி மெல்லத் தேய்ந்து அடுத்த தந்திக்கு இடம் விடுவதை இதுபோல மற்ற இரண்டும் காட்டவில்லை. மந்தரம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே பஞ்சமம் அதன்மேல் எழும் அந்த ஒரு கணத்தில் கூடம் கேட்கிறது, பாய் கேட்கிறது, அத்தை மூச்சு விடுவது கேட்கிறது. ஒரே டிரைவர் என்பதால் இப்படியா, கூட்டுக்குள் குடைந்த சிறு அறைகளால் இப்படியா என்று நான் ஆராயவில்லை. தம்புராவுக்கு இதைத்தான் இப்போது எடுக்கிறேன்.

என் சொல்லை நம்பி வாங்காமல் விட்ட நண்பரை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் வீட்டுக்கு அழைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "சரி, என் காதில் வைத்துப் பார்ப்போம்" என்றார். மூன்று அளவு டிப்களையும் முயன்றோம். அவருடைய காதுக்குழாய் குறுகலானது, முதல் வளைவு உடனே வந்துவிடுகிறது. சின்ன டிப்பைப் போட்டால்கூட நான் இப்போது வைக்கும் ஆழத்துக்குப் போகவில்லை, போன இடத்திலும் வலித்தது. சுருதியை மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். 7.6இல் குத்தியது. தம்புராப் பதிவைப் போட்டேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்பா, கீறுது" என்றார். பிறகு யு12டியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அவர் போன பின் குறிப்பேட்டை எடுத்து அந்தப் பழைய வரியை அடித்தேன். அதன் கீழே ஐஇ 900 என்று எழுதி மூன்று கட்டங்கள் போட்டேன். முதல் கட்டத்தில் என் எண் 8.7, டிப்பின் அளவோடு. இரண்டாவதில் அவருடையது 7.6. மூன்றாவது அத்தைக்கு, பங்குனியில் ஸ்ரீரங்கம் போகும்போது, அவர் சம்மதித்தால், சுருதியை ஏற்றிப் பார்த்து நிரப்ப வேண்டும்.